மாமாவும் 5368-ஆம் நம்பரும்

போன மாதம் பழைய ராயபுரத்து டீக்கடைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் போன் செய்தீர்கள். "உங்க அக்கா வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வரியோட விட்டுட்டீங்களே" என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். வேண்டுமென்றேதான் விட்டேன். அவரைப் பற்றி எழுதினால் என் செல்போனைப் பற்றியும் எழுத வேண்டும், அதில் நான் செய்த ஒரு மடத்தனத்தையும் எழுத வேண்டும். இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் துறைமுகத்தில் 1971-இல் சேர்ந்து 2009-இல் ஓய்வு பெற்றவன். முழுக்க ஸ்டோர்ஸ். கப்பலைத் தினமும் பார்த்திருக்கிறேனே தவிர கப்பலில் வேலை பார்த்ததில்லை. மாமா அப்படியில்லை. மெரைன் டிபார்ட்மென்டில் லாஸ்கராகச் சேர்ந்து, டக் படகில் சுக்கானியாக ஓய்வு பெற்றவர். சுக்கான் பிடிக்கிறவர் சுக்கானி. அவர் அப்பா கட்டுமரக்காரர். மாமா கத்தோலிக்கர், ராயப்பர் கோயில் பங்கு. பேதுருவைத்தான் பழைய கத்தோலிக்கத் தமிழில் ராயப்பர் என்பார்கள். ராயபுரம் என்ற பெயரே அவரிடமிருந்து வந்ததுதான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நாங்கள் சி.எஸ்.ஐ. அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்தபோது இரண்டு பக்கமும் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. அதெல்லாம் முதல் பிள்ளை பிறந்ததோடு சரியாகிவிட்டது.

ஓய்வுக்குப் பிறகு நான் மாதவரத்துக்கு வந்துவிட்டேன். பால் பண்ணைப் பக்கம் ஒரு சின்ன வீடு. ஜி.என்.டி. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போகும் சத்தம் ராத்திரியில் கேட்கும்போது, துறைமுகம் என்னைத் தேடி இங்கேயே வந்துவிட்டதோ என்று தோன்றும். மாமாவும் அக்காவும் ராயபுரத்திலேயே இருந்தார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோயில் பூட்டு. சனிக்கிழமை வீட்டுக்கூட்டமும் நின்றுபோனது. என் பேரன்தான் செல்போனில் ஜூம் போட்டுக்கொடுத்து, "தாத்தா, இதுலயே நடத்துங்க" என்றான். அவனே புளூ லெட்டர் பைபிள் என்ற செயலியையும் இறக்கிக் கொடுத்தான். இலவசம். ஒரு வசனத்தைத் தொட்டால் கீழே ஒரு பட்டியல் விரியும். அதில் இன்டர்லீனியர் என்பதைத் தொட்டால் ஆங்கில வார்த்தைகளுக்கு நேராகக் கிரேக்க வார்த்தைகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பரும் வரும். நம்பரைத் தொட்டால் அகராதி. ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் ஒருவர் அந்த வார்த்தையை உச்சரித்தும் காட்டுவார்.

அந்த நம்பர்களைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் மற்றவர்களுக்கு ஏற்பட்டிருக்காது. முப்பத்தெட்டு வருஷம் நம்பர்களோடு வாழ்ந்தவன் நான். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கோடு நம்பர் உண்டு. ஃபிட்டர் வந்து "பெரிய வாஷர்" என்பான், இன்னொருவன் அதையே "தட்டு" என்பான். நம்பரைச் சொன்னால்தான் சண்டை தீரும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பேராசிரியர். ஆங்கில வேதாகமத்தில் எந்த வார்த்தை எங்கெங்கே வருகிறது என்று ஒன்றுவிடாமல் பட்டியல் போட்டு 1890-இல் புத்தகமாக வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் எபிரெய, கிரேக்க வார்த்தைக்கு நம்பர் கொடுத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், நினைத்துப் பாருங்கள். கிரேக்கத்தின் கடைசி நம்பர் 5624.

ஸ்டோர்ஸ்காரன் புத்தி போகுமா? சும்மா இருக்கும் மத்தியானங்களில் வரிசையாகத் தட்டிப் பார்த்தேன். 2717-ஐக் காணோம். 3203-லிருந்து 3302 வரை ஒரேயடியாக நூறு நம்பரைக் காணோம்! என் லெட்ஜரில் இப்படி இருந்திருந்தால் ஆடிட் பார்ட்டி என்னைச் சும்மா விட்டிருக்குமா? பிறகுதான் தெரிந்தது, நம்பர் போடும்போதே அவர்கள் விட்டுவிட்டார்களாம். ஆக மொத்தம் 5523 வார்த்தைகள்தான். சரக்குக் குறைவு ஒன்றுமில்லை.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. இந்த நம்பரெல்லாம் ஆங்கில வேதாகமத்துக்குப் போட்டது. என் செல்லில் உள்ள தமிழ் வேதாகமத்தில் கிடையாது. தமிழில் வாசித்து, ஆங்கிலத்தில் அதே வசனத்துக்குப் போய், அங்கிருந்து கிரேக்கத்துக்குப் போக வேண்டும். மாதவரத்திலிருந்து மின்ட்டுக்குப் போக மீஞ்சூர் சுற்றுகிற மாதிரி. நம் தமிழ் வேதாகமமோ ஆங்கிலம் வழியாக வந்ததில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடே கிரேக்கத்திலிருந்து வந்தது. நம்ம வேப்பேரியிலேயே இருந்து பப்ரிசியுஸ் மொழிபெயர்த்து 1772-இல் வெளியிட்டதும், நாம் இன்றும் வாசிக்கிற, 1871-இல் பவர் ஐயர் குழு முடித்த திருப்புதலும் மூலத்தைப் பார்த்துச் செய்தவைதான். நாம்தான் ஆங்கிலத்தின் வாசலில் போய் நிற்கிறோம்.

இரண்டே மாதத்தில் நான் பண்டிதன் ஆகிவிட்டேன். சனிக்கிழமை ஜூமில் பன்னிரண்டு, பதினைந்து குடும்பம் வரும். நான் எதை எடுத்தாலும் "கிரேக்க மூலத்தில் பார்த்தால்..." என்று ஆரம்பிப்பேன். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். "ஐயா, இந்த வயசுல கிரேக்கம் படிச்சுட்டீங்களே" என்று ஒரு அம்மா சொன்னபோது நான் மறுக்கவில்லை. உண்மையில் எனக்கு ஆல்பா, பீட்டா கூட எழுதத் தெரியாது. நம்பரைத் தட்டத் தெரியும், அவ்வளவுதான்.

'துனமிஸ்' என்ற வார்த்தை, நம்பர் 1411, வல்லமை என்று பொருள். டைனமைட் என்ற சொல் இதிலிருந்துதான் வந்தது, ஆகவே தேவ வல்லமை வெடி மருந்து போன்றது என்று ஒரு வாரம் முழங்கினேன். டைனமைட்டை நோபல் 1867-இல் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார். பவுல் எழுதியபோது அவர் மனதில் எந்த வெடியும் இருந்திருக்க முடியாது. யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை யோவான் 21-ஆம் அதிகாரம் எடுத்தேன். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் பேதுருவிடம் மூன்று முறை தன்மேல் அன்பு உண்டா என்று கேட்கும் இடம். செயலியில் பார்த்தால் ஆங்கிலத்தில் எல்லா இடத்திலும் ஒரே வார்த்தை. கிரேக்கத்திலோ இரண்டு. முதல் இரண்டு தடவை இயேசு கேட்பது 'அகபாவோ', நம்பர் 25. பேதுரு ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வது 'பிலேயோ', நம்பர் 5368. மூன்றாம் தடவை இயேசுவும் 5368-க்கு வந்துவிடுகிறார். எனக்குத் தங்கப் புதையல் கிடைத்த மாதிரி. (எங்கள் அம்மாவின் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்திருந்தாலே போதும். அங்கே முதல் இரண்டு கேள்வியில் 'அன்பாயிருத்தல்', பதிலில் 'நேசித்தல்', மூன்றாம் கேள்வியில் 'நேசித்தல்' என்று பிரித்தே போட்டிருக்கிறது. அறுபது வருஷமாக வாசித்திருக்கிறேன். கண்ணில் பட்டதில்லை.)

அன்றைக்கு நான் விளக்கினேன்: 25 என்பது தெய்வீக அன்பு, தியாக அன்பு, 5368 என்பது வெறும் சிநேகிதம். இயேசு கேட்டது முதல் தரம், பேதுருவால் கொடுக்க முடிந்தது இரண்டாம் தரம். கடைசியில் இயேசுவே இறங்கி வந்தார். இப்படி.

மாமா வழக்கமாகப் பேசமாட்டார். அக்காவுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அன்று அவர் குரல் வந்தது.

"மச்சான், ஒரு சந்தேகம். நேசம்னா இன்னா, செகண்ட் கிளாஸா? ராயப்பர் அந்தாளைப் பாத்ததும் தண்ணியில குதிச்சு நீந்தி வந்தாரே. அது கொறச்சலா?"

ஸ்கிரீனில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "மாமா, உங்களுக்குக் கிரேக்கம் தெரியாது. தெரியாத விஷயத்துல பேசாதீங்க. கூட்டம் நடக்கட்டும்" என்றேன்.

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். இந்தத் தடவை அவரைப் பார்த்து. மாமா முகம் ஸ்கிரீனிலிருந்து நகர்ந்தது. நாற்காலி காலியாகத் தெரிந்தது. அக்கா மட்டும் ஜெபம் முடியும்வரை இருந்தாள்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் வரவில்லை. நான் போன் செய்யவில்லை. பெரிய விஷயமா இது, அவராகவே சரியாகிவிடுவார் என்று இருந்தேன். அக்கா போனில் பேசுவாள். "மாமா இருக்காரா" என்றால் "வெளிய போயிருக்காரு" என்பாள். ஊரடங்கில் எங்கே வெளியே போவார்? கிறிஸ்துமஸுக்குப் பேரன் கையில் கேக் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை.

2021 மே மாதம் இரண்டாம் அலை. ஒரு விடியற்காலை அக்கா போன். மாமாவுக்கு ஆக்சிஜன் 84. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள், படுக்கை கிடைக்க எட்டு மணி நேரம் ஆயிற்று. யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அவர் செல்போன் கூட அக்காவிடம்தான் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

அந்தப் பதினேழு நாளும் எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் "தெரியாத விஷயத்துல பேசாதீங்க" என்ற என் குரல்தான் காதில் விழும். ஒரு ராத்திரி செயலியைத் திறந்து மறுபடியும் 5368-க்குப் போனேன். இந்த முறை விளக்கத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே போனேன். அந்த வார்த்தை வரும் எல்லா வசனங்களும் அங்கே பட்டியலாக இருக்கும். ஒரு வருஷமாக நான் அதைத் தொட்டதே கிடையாது. லெட்ஜரில் ஐட்டம் பெயரை மட்டும் படித்துவிட்டு, எங்கெங்கே சரக்கு போயிருக்கிறது என்று பார்க்காத குமாஸ்தாவை நான் வேலையில் வைத்திருப்பேனா?

மொத்தம் 25 இடம். நிதானமாகத் தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். யோவான் 5:20-இல் பிதா குமாரன்மேல் வைத்த அன்புக்கு வருவது இந்த 5368. அதே யோவான் 3:35-இல் அதே பிதா, அதே குமாரன். வார்த்தை மட்டும் 25. 16:27-இல் பிதாவே சீஷர்கள்மேல் வைத்திருப்பது 5368. தமிழில் அங்கே 'சிநேகிக்கிறார்' என்று இருக்கிறது. அது இரண்டாம் தரமா? சரி என்று 25-க்குப் போனால் அங்கே வேறு அதிர்ச்சி. 3:19-இல் மனிதர்கள் இருளை விரும்பியதற்கு 25. லூக்கா 11:43-இல் பரிசேயர் ஜெப ஆலயத்து முதல் நாற்காலியை விரும்பியதற்கும் 25. தேமா உலகத்தின்மேல் ஆசைவைத்து பவுலைக் கைவிட்டுப் போனதற்கும் அதே 25. இது என்ன தெய்வீக அன்பு? போதாததற்கு, யூதாஸ் கொடுத்த முத்தமும் 5368-தான். முத்தமிடுவதற்கும் கிரேக்கத்தில் அந்த வார்த்தை உண்டாம்.

எங்கள் ஸ்டோர்ஸில் இப்படி நடப்பதுண்டு. ஒரே காஸ்கெட்டை இரண்டு வேறு வருஷத்தில் வாங்கி இரண்டு கோடு நம்பர் போட்டிருப்பார்கள். நம்பர் வேறு என்பதால் சாமான் வேறு என்று நினைத்து, ஒன்று ரேக்கில் கிடக்கும்போதே இன்னொன்றுக்கு ஆர்டர் போடுவோம். அன்பும் நேசமும் அச்சாக ஒன்றுதான் என்று நான் இப்போது சொல்ல வரவில்லை. படித்தவர்கள் அதில் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். யோவான் ஏன் மாற்றிப் போட்டார் என்பது யோவானுக்குத்தான் தெரியும். அதிலும், இயேசுவும் பேதுருவும் கரையில் பேசியது கிரேக்கமாகவே இருந்திருக்காது, அரமேயமாக இருந்திருக்கும். ஆனால் முதல் கிளாஸ், இரண்டாம் கிளாஸ் என்று நான் போட்ட கணக்கு தப்பு. அது நிச்சயம். கிரேக்கம் தெரியாத சுக்கானி கேட்ட ஒரே கேள்வியில் அது உடைந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். ஸ்ட்ராங் கொடுப்பது இரண்டு வரி. அதற்குக் கீழே வரும் தேயர் என்பவரின் பெரிய அகராதியும் 1880-களைச் சேர்ந்தது. எகிப்து மணலில் கிடைத்த சாதாரண மக்களின் கிரேக்கக் கடிதங்களையும் ரசீதுகளையும் வைத்து அர்த்தம் பார்க்கும் வேலையெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது. இலவசமாகக் கிடைப்பதற்குக் காரணமே காப்புரிமைக் காலம் முடிந்த புத்தகங்கள் என்பதுதான். புதிய அகராதிகளுக்கு நல்ல விலை. தப்பில்லை, பழசிலும் சரக்கு இருக்கிறது. ஆனால் "கிரேக்க மூலத்தில்" என்று மார்தட்டுவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

மாமா பிழைத்து வந்தார். ஜூன் மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்டில்தான் அக்கா "வா" என்றாள். மூலக்கடை வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்குள் போனதும் எல்லாம் மறந்துபோயிற்று. மனிதர் பாதியாகிவிட்டிருந்தார். ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வா மச்சான்" என்றார், முந்தாநாள் பார்த்தவர் மாதிரி.

"மாமா, நேசம் செகண்ட் கிளாஸ் இல்ல" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவருக்கு உடனே புரிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அத்த சொல்றதுக்கு ஒரு வருசமா?" என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார்.

டீ குடித்த பிறகு, "உன் கிரேக்க மிசினுல அந்தக் கப்பல் ஒடையற அதிகாரம் இருக்குதா?" என்று கேட்டார். அப்போஸ்தலர் 27. நான் தமிழில் மெதுவாக வாசித்தேன். ராத்திரியில் கரை நெருங்குகிறது என்று கப்பலாட்கள் சந்தேகப்பட்டு விழுது விட்டு ஆழம் பார்க்கும் இடம் வந்தது. இருபது பாகம், கொஞ்ச தூரம் போய் மறுபடி பதினைந்து பாகம்.

"பாகம்னா தெரியுமா உனக்கு?" என்றார்.

பங்கு, பகுதி என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஏதோ அளவு என்று தாண்டிப் போய்விடுவேன். சொல்ல வெட்கமாக இருந்ததால் செயலியைத் தட்டினேன். நம்பர் 3712, 'ஒர்குயா'. கைகளை நீட்டுவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது, விரித்த இரண்டு கைகளின் அளவு, ஏறக்குறைய ஆறு அடி என்று இருந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தால், மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கை நுனியிலிருந்து அந்தக் கை நுனி. ஒரு பாகம். எங்கப்பா கட்டுமரத்துல கயிறை இப்டித்தான் இழுத்து இழுத்து எண்ணுவாரு."

செல்போனைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கியைத் தொட்டேன். அந்த அமெரிக்கக் குரல் வார்த்தையைச் சொன்னது. மாமா இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

அப்புறம் அவர்தான் பேசினார், நான் கேட்டேன். விழுது என்பது கயிற்று நுனியில் ஈயக்குண்டு. அடியில் கொழுப்புத் தடவி விட்டால் மண்ணோ மணலோ ஒட்டிக்கொண்டு வரும், கீழே என்ன தரை என்று தெரியும். இருபது பதினைந்தாகிவிட்டால் கரை வேகமாக வருகிறது என்று அர்த்தம். "நாலு நங்கூரத்தையும் பின்னணியத்துலருந்து போட்டாங்கன்னு இருக்குதே, ஏன்னு உன் மிசின் சொல்லுதா?" நங்கூரம் நம்பர் 45. சொல்லவில்லை. "வழக்கமா முன்னாடிதான் போடுவாங்க. முன்னாடி போட்டா காத்துக்குக் கப்பல் சுத்திக்கும், மூக்கு கடலைப் பாக்கும். பின்னாடி போட்டா மூக்கு கரைக்கு நேரா நிக்கும். விடிஞ்சதும் கயிறை அறுத்துவுட்டா நேரா போய் ஏறிடலாம். அவனுங்க அதான் செஞ்சானுங்க, படி." படித்தேன். அதைத்தான் செய்திருந்தார்கள். அந்தக் கப்பலில் இருந்த 276 பேரும் பிழைத்தார்கள்.

"சுக்கானிக்கு கிரேக்கத்துல இன்னா பேரு?" என்று கடைசியாகக் கேட்டார். தமிழில் மாலுமி என்று இருக்கும் இடத்தில் போய்ப் பார்த்தேன். 2942, 'குபெர்னேதேஸ்'. அதன் பக்கத்து நம்பர் 2941, கொரிந்தியர் நிருபத்தில் 'ஆளுகைகள்' என்று வருகிறது. கவர்ன்மென்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் இந்த வேரிலிருந்து லத்தீன் வழியாக வந்ததுதான் என்று சொன்னேன். சொல்லும்போதே டைனமைட் ஞாபகம் வந்து கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஆனால் இது சரிதான்.

"அப்ப நான் ஒரிஜினல் கவர்மென்ட் ஆளு. நீங்கள்லாம் ஸ்டோர் கீப்பருங்க" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அக்கா வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஜூமில் அப்போஸ்தலர் 27 எடுத்தோம். ஆரம்ப ஜெபம் மட்டும் என்னுடையது. முன்பு சிரித்தவர்களும் வந்திருந்தார்கள். மாமா நாற்பது நிமிஷம் பேசினார், நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நிறுத்திக்கொண்டார். பாகம் என்று வந்தபோது கைகளை விரித்தார். விரல்கள் இரண்டு பக்கமும் ஸ்கிரீனுக்கு வெளியே போய்விட்டன. அக்கா எழுந்து செல்போனைப் பின்னால் தள்ளி வைத்தாள். நான் என் மைக்கை மியூட்டில் போட்டிருந்தேன்.